காசு சேர்ப்போருக்கு ஒரு வார்த்தை

நாணயம் சேகரிப்பதை "அரசர்களின் பொழுதுபோக்கு" என்று சொல்வது வழக்கம். இதைப் பற்றிய கட்டுரைகள் பலவும் அந்தத் தொடரோடுதான் தொடங்குகின்றன. நானும் அப்படியே தொடங்கிவிட்டேன். ஆனால் ஏற்றுக்கொண்டு அல்ல, மறுப்பதற்காகவே. அரசர்கள் காசை அடித்தார்கள், உண்மைதான். அதை முந்தானையில் முடிந்து வைத்தவர்களும், சந்தையில் எண்ணிக் கொடுத்தவர்களும், வயல் வரப்பில் தவறவிட்டவர்களும், பயந்து பானையில் போட்டுப் புதைத்தவர்களும் நம் பாட்டன் பாட்டிமார்கள் அல்லவா? காசின் வரலாற்றில் அரசனுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அவர்களுக்கும் உண்டு. ஆகவே இது பணம் படைத்தவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

நான் நாணயம் சேகரிக்கிறேன் என்று அறிந்த நண்பர்கள் பலர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான்: "எங்கேடா வாங்கலாம்?" இரண்டாவது கேள்வி: "நல்ல விலை போகுமா?" இந்த இரண்டு கேள்விகளோடு தொடங்குகிறவர்கள் ஓராண்டுக்குள் ஓய்ந்துவிடுகிறார்கள், அல்லது ஏமாந்துவிடுகிறார்கள் என்பது நான் கண்ட அனுபவம். இதில் இறங்க விரும்புகிறவர் முதல் ஓராண்டுக் காலத்திற்கு ஒரு காசுகூட விலை கொடுத்து வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. வாங்காமல் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். நம் சட்டைப் பையில் கிடப்பதைப் பார்க்கத் தெரியாதவனுக்குக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது மட்டும் எப்படித் தெரியும்?

ரூபாயையே எடுத்துக்கொள்வோம். ஷெர்ஷா 16-ஆம் நூற்றாண்டில் அடித்த வெள்ளி ரூபாயின் வழிவந்ததுதான் நம் ரூபாய். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டு வந்தபோது அதன் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப்போர் வந்தது. 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் முதுகில் புலியோடு வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுதும் நிக்கல். நாடு விடுதலை பெற்றபின் 1950-இல் அசோகரின் சிங்கத் தூணும் கதிர்களும் பொறித்த ரூபாய் வந்தது. எடை மட்டும் பழைய எடையே. 1962-இல் வந்த நிக்கல் ரூபாய் 10 கிராம். 1975-இல் செம்பும் நிக்கலும் கலந்த 8 கிராம். 1983-இல் 6 கிராம். 1992-இல் துருப்பிடிக்காத எஃகில் 4.85 கிராம். 2011-இல் 3.79 கிராம். ஒரே பெயர், ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறார்! பொருளாதார வகுப்பில் பணவீக்கம் என்று நாம் மனப்பாடம் செய்வதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்க்க முடியும் என்பது எனக்கு முதன்முதலில் புரிந்தது இந்த ரூபாய்களை வரிசையாக வைத்தபோதுதான்.

இதற்கு ஒரு சிறிய காந்தத் துண்டு போதும். பழைய 10 கிராம் நிக்கல் ரூபாயில் காந்தத்தை வையுங்கள், ஒட்டிக்கொள்ளும். 8 கிராம், 6 கிராம் ரூபாய்களில் வையுங்கள். ஒட்டாது, ஏனென்றால் செம்பு அதிகம் கலந்துவிட்டது. 1992-க்குப் பிந்திய எஃகு ரூபாய் மறுபடியும் ஒட்டும். வேதியியல் துறை நண்பர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். ஏன் இப்படி மாற்றினார்கள் என்ற கேள்விக்கும் காசே பதில் சொல்லும். காசில் உள்ள உலோகத்தின் விலை காசின் மதிப்பைத் தாண்டினால் காசு உலைக்குப் போய்விடும். 1992-இல் வந்த தடித்த ஐந்து ரூபாய் 9 கிராம் எடையுள்ளது. அதைக் கடத்திச் சென்று உருக்கிச் சவர பிளேடு செய்கிறார்கள் என்று ஒரு காலத்தில் செய்தித்தாள்களில் வந்தது. 2007-இல் ஐந்து ரூபாயும் எஃகுக்கு மாறியது.

அடுத்தது சாலைக் குறி. ஆண்டு எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி போல ஏதோ இருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? நான் பதினேழு வயது வரை கவனித்ததில்லை. வைர வடிவம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. அது 1988-இல் தொடங்கிய சாலை. ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்தால் கொல்கத்தா. சில ஆண்டுகளில் உள்நாட்டுச் சாலைகளால் தேவையை ஈடுகட்ட முடியாமல் வெளிநாட்டிலும் அடித்து வாங்கினார்கள். 1990-களின் இறுதியில் வந்த ஒரு ரூபாய் சிலவற்றில் 'எம்' என்ற ஆங்கில எழுத்தும் அதன் தலைமேல் ஒரு சிறு வட்டமும் இருக்கும். அது மெக்சிகோ நகரத்துச் சாலையின் குறி. 'சி' என்ற எழுத்து இருக்கும் 1988-ஆம் ஆண்டுக் காசு கனடாவில் அடித்தது. இன்னும் பின்னே போனால், 'எல்' என்ற எழுத்தோடு போர்க்காலத்து லாகூர் காசு கிடைக்கும். இன்று வேறு நாட்டில் இருக்கும் ஊர்! நம் சென்னையிலும் ஒரு காலத்தில் சாலை இருந்தது. இப்போது தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் ஒரு மாலை இதைச் சோதித்துப் பார்த்தேன். கடைக்காரர் கல்லாவில் இருந்த சில்லறையைக் கொட்டிக் காட்ட முதலில் தயங்கினார். "தம்பி, எண்ணி வைச்சது, கலைச்சிடாதே" என்றார். "கலைக்க மாட்டேன் அண்ணே, எண்ணியே கொடுத்திடறேன்" என்று உறுதி கொடுத்தபின் சம்மதித்தார். ஒரு மணி நேரத்தில் நான்கு சாலைகளின் காசும் என் முன்னே நான்கு குவியலாக இருந்தன. திருவள்ளுவர் உருவம் பொறித்த இரண்டு ரூபாய் ஒன்றும் அதில் வந்தது. 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளியிட்டது. நான் பையிலிருந்து வேறு இரண்டு ரூபாயைக் கொடுத்து அதை எடுத்துக்கொண்டேன். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், "வள்ளுவரா? இத்தனை நாள் நான் பார்க்கலையே!" என்றார். மறுவாரம் போனபோது அவரே ஒரு காகிதப் பொட்டலத்தில் ஏழெட்டுக் காசுகளை ஒதுக்கி வைத்திருந்தார். காமராசர் நூற்றாண்டு ஐந்து ரூபாயும், அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு ஐந்து ரூபாயும் அப்படி அவரிடமிருந்து வந்தவையே. அண்ணா காசில் அவருடைய தமிழ்க் கையொப்பம் இருக்கிறது; எடுத்துப் பாருங்கள்.

ஆனால் அந்தக் கல்லா இப்போது மெலிந்து வருகிறது. கடையில் ஒட்டியிருக்கும் அட்டையைக் கைப்பேசியால் படம் பிடித்துப் பணம் செலுத்திவிட்டுப் போகிறோம். நானும் அப்படித்தான் செய்கிறேன். குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆயினும் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போனபோது, அவற்றை எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியவர்கள் மிகச் சிலரே. அலையலையாக விளிம்பு வெட்டிய பத்துப் பைசாவும், சதுரமான ஐந்து பைசாவும், அறுகோண மூன்று பைசாவும் நம் பெற்றோருக்கு மிட்டாய்க் காசு. நமக்கு அவை அருங்காட்சியகப் பொருள். இன்று பேருந்து நடத்துநர்கள் சிலர் வாங்க மறுக்கும் பத்து ரூபாய்க் காசும் நாளை அப்படித்தான். (இடையில் ஒன்று: அதுவரை 14 வடிவங்களில் வந்திருந்த பத்து ரூபாய்க் காசுகள் அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. மறுப்பவரிடம் தாராளமாகச் சொல்லலாம். சொல்லியும் நான் ஒருமுறை நடந்துதான் வீட்டுக்குப் போனேன்.)

கல்லாவை முடித்தபின் வீட்டுக்குள் தேட வேண்டும். அஞ்சறைப்பெட்டி, சாமி உண்டியல், தாத்தாவின் தகரப்பெட்டி, கொலுப்பொம்மை வைக்கும் மரப்பெட்டி என்று இடங்கள் பல. ஓட்டைக் காலணா இல்லாத வீடு குறைவு. 1943 முதல் 1947 வரை வந்த இந்தக் காசின் நடுவில் ஏன் ஓட்டை என்றால், போர்க்காலத்தில் உலோகம் மிச்சப்படுத்த. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, காலணாவுக்கு 3 தம்படி என்ற கணக்கைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபோது அந்தக் கணக்கு போய்விட்டது. 'நயா' என்ற சொல்லும் 1964-இல் உதிர்ந்தது. ஆனால் எட்டணா, நாலணா என்ற பேச்சு வழக்கு மட்டும் வெகுகாலம் நின்றது. "துட்டு இருக்கா?" என்று நாம் கேட்கிறோமே, அந்தத் துட்டு நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வாணிகம் செய்த டச்சுக்காரர்களின் செப்புக்காசின் பெயர். நாம் ஒன்றை வாங்கினோம். ஒன்றைக் கொடுத்தும் இருக்கிறோம். சில்லறைப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற பழைய ஆங்கிலச் சொல் நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்ததுதான் என்று அறிஞர்கள் கூறுவர்.

இதுவரை நான் செய்த நல்ல காரியங்களையே எழுதினேன். இனி செய்த தவற்றையும் எழுத வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

கொள்ளிடக் கரைச் சிற்றூரில் இருக்கும் என் அப்பாயியிடம் ஒரு செப்புக்காசு இருந்தது. மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருப்பார். அரிசி குறையாது என்ற நம்பிக்கை. நான் பதினோராம் வகுப்பு படித்தபோது, காசு சேர்க்கிறேன் என்று சொன்னதும் அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். கரும்பச்சை நிறம், ஒரு பக்கம் நின்றுகொண்டும் மறுபக்கம் உட்கார்ந்துகொண்டும் இருக்கிற பொம்மை போன்ற ஓர் உருவம். அப்பாயிக்கு அது "பொம்மைக் காசு". எனக்கோ அது அழுக்குக் காசு. பொங்கலுக்குக் குத்துவிளக்கு துலக்குவது போலப் புளியும் உப்பும் சேர்த்து இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு தேய் தேயென்று தேய்த்தேன். பளபளவென்று புதுச் செம்பாக வந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அப்பாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வெளுத்துப்போச்சு. பொம்மை எங்கடா போச்சு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். திட்டவில்லை.

கல்லூரியில் சேர்ந்தபின் அந்தக் காசை எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தார். அமர்ந்த உருவத்தின் இடக்கைக்குக் கீழே நாகரி எழுத்தில் 'ஸ்ரீராஜராஜ' என்று இருந்திருக்க வேண்டும் என்றும், இப்போது ஒரு கோடு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றும் சொன்னார். முதலாம் இராசராசன் வெளியிட்ட இந்த வகைக் காசு அரியதன்று. சோழ நாட்டில் ஏராளமாகக் கிடைப்பது. ஈழத்தில் பொலன்னறுவை மன்னர்கள்கூட இதே வடிவத்தைப் பின்பற்றிக் காசு அடித்தார்கள். ஆகவே உலகம் ஒன்றும் பெரிதாக இழந்துவிடவில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அழியாத பெயரை நான் ஓர் இரவில் அழித்துவிட்டேன் என்பது உண்மை.

நடந்தது என்னவென்று பிறகு தெரிந்துகொண்டேன். நெடுங்காலம் மண்ணில் கிடந்த செம்பின் மேற்பரப்பே பச்சைப் படலமாக மாறிவிடுகிறது. உருவமும் எழுத்தும் தங்கியிருப்பது பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான். அடியில் உள்ள செம்பில் அல்ல. புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் அந்தப் படலத்தைக் கரைக்கின்றன. நாம் அழுக்கு என்று எண்ணிக் கழுவுவது காசின் முகத்தையே. வெள்ளிக் காசைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் முகம் போகாது. ஆனால் ஆயிரம் கீறல் விழும், கண் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். தூய நீரில் சிறிது நேரம் போட்டு, மண் இளகினால் இளகட்டும் என்று விட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுப்பதற்கு மேல் ஒரு தொடக்கக்காரர் எதுவும் செய்யக் கூடாது. அதையும் செய்யாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பாதுகாக்கும் முறை பற்றி நீட்ட வேண்டியதில்லை. காசை விளிம்பில் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் படக் கூடாது. ஒவ்வொரு காசுக்கும் ஒரு சிறு காகித உறை. மலிவான, வாசனை வீசும் வழவழப்பான பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். சில ஆண்டுகளில் அது பச்சையாகப் பிசுபிசுத்துக் காசைத் தின்றுவிடும். நகைக்கடைகளில் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று, முடிந்தால் கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு ஒன்று. செலவு இவ்வளவே.

என்னை அதிகம் வருத்துவது காசைத் தேய்த்ததுகூட அல்ல. அந்தக் காசு எங்கே கிடைத்தது என்று அன்றைக்கே நான் கேட்கவில்லை. கல்லூரியில் பேராசிரியர் முதலில் கேட்ட கேள்வியே "இது எந்த ஊர் மண்ணில் கிடைத்தது?" என்பதுதான். விடுமுறையில் ஓடிப்போய்க் கேட்டேன். அதற்குள் அப்பாயிக்கு நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் நாற்று நடும்போது வயலில் காலில் இடறியது என்றார். மறுநாள் ஆற்றில் வெள்ளம் வடிந்தபின் படித்துறையில் கிடைத்தது என்றார். இன்னொரு நாள் அவருடைய மாமியார் கொடுத்தது என்றார். மூன்றில் எது உண்மை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கிடைத்த இடம் தெரியாத காசு பாதிக் காசு. மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த காசுகளைப் பாருங்கள். மாக்கோதை, குட்டுவன் கோதை என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த காசுகள் அங்கே கிடைத்ததால்தான் சங்க காலச் சேரர்களைப் பற்றிய பேச்சில் கரூருக்கு அப்படி ஓர் அழுத்தம் வந்தது. அதே காசு இடம் தெரியாமல் ஒரு வியாபாரியின் டப்பாவில் இருந்து வந்திருந்தால் அது வெறும் அழகிய காசு. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். ஏன் வெட்டினார்கள் என்று இன்றும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். அவை ஒரே தொகுதியாகப் பதிவானதால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. ஒவ்வொன்றாக ஆசாரியின் உலைக்குப் போயிருந்தால் கேள்வியும் உருகியிருக்கும்.

நம் ஊர்களில் இன்றும் நடப்பது அதுதான். மழைக்குப் பின் மேட்டில் மின்னும் செப்புக்காசு பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போகிறது. அரசிடம் சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அச்சம் ஒரு காரணம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். மண்ணில் மறைந்து கிடந்து கண்டெடுத்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. அரசு அதை எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்தத் தொகை போதாது என்பது என் எண்ணம். வெறும் உலோக விலையா ஒரு சோழக் காசின் விலை? ஆனால் ஒன்றுமே கிடைக்காது என்று பயந்து உலையில் போடுவதைவிட இது மேல் அல்லவா? இந்தச் செய்தியைக் கிராமத்துக்குக் கொண்டுபோகக் கூடியவர்கள் அங்கிருந்து படிக்க வருகிற நாம்தான்.

இனி ஏமாற்று வேலைகளைப் பற்றி. என் வகுப்பு நண்பன் ஒருவன் வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த காசு ஒன்று வைத்திருந்தான். அதற்கு லட்சக்கணக்கில் விலை தருவதாகக் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. அழைத்துப் பேசினால், பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகை, வரி என்று இன்னொரு தொகை. விடுதிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் போயிற்று. காசு மட்டும் இன்னும் அவனிடமே இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் அந்த ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் புழக்கத்துக்கு ஏராளமாக வந்தவை. பழைய காசு வாங்கி விற்பதில் தான் ஈடுபடுவதில்லை, அதற்கென்று கட்டணமோ கமிஷனோ கேட்பதுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வங்கியின் பெயரைச் சொல்லியே பறிக்கும் கூட்டம் அவ்வளவு பெருகியிருந்தது.

இன்னொரு வகை, ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, மறுபக்கம் 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று எழுதிய செப்புக்காசு. அரிசியை இழுக்கும், வெளிநாட்டு ஆய்வுக்கூடம் கோடி கொடுக்கும் என்று கதை கட்டுவார்கள். கம்பெனி இப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. இது கோயில் கடைகளில் விற்கும் பிற்காலத்து வில்லை. அரிசியை இழுக்கவேண்டுமானால் அடியில் காந்தமும் அரிசிக்குள் இரும்புத் தூளும் வேண்டும். நன்கு படித்தவர்களும் இதில் சேமிப்பை இழந்திருக்கிறார்கள் என்பதை நாளிதழ்களில் பார்க்கிறோம். முதல் ஓராண்டு எதையும் வாங்காதே என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். நூறு காசைக் கையில் எடுத்துப் பார்த்தவனின் கண்ணுக்குப் பொய்க்காசு தானாகவே உறுத்தும். படத்தில் மட்டும் பார்த்தவனுக்கு எல்லாமே தங்கம்.

ஓராண்டு கழித்து வாங்கலாம். வாங்கும்போதும் பெரிய காசில் கைவைக்க வேண்டாம். நான் விலை கொடுத்து வாங்கிய முதல் காசு புதுக்கோட்டை அம்மன் காசு. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. தமிழ் நாட்டின் நடுவே, தொண்டைமான் அரசரின் காசில், தெலுங்கு எழுத்து ஏன் என்று கேட்கத் தொடங்கினால் நாயக்கர் காலம் வரை போக வேண்டும். ஒரு திரைப்பட நுழைவுச் சீட்டைவிடக் குறைந்த விலையில் அவ்வளவு படிப்பு! சென்னைக்குப் போகும் நண்பர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவையும் பார்த்துவிட்டு வர வேண்டும். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதில் சில, நம் வீட்டு அரிசிப் பானையிலும் இருக்கலாம்.

கடைசியாகப் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிக்குச் சுற்றுவட்டாரத்தில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்களிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காசாவது இருக்கும். அவற்றை யாரும் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டியதில்லை, விற்கவும் வேண்டியதில்லை. வரலாற்றுத் துறையில் ஒரு பதிவேடு மட்டும் போதும். காசின் இரு பக்கப் படம், எடை, குறுக்களவு, எந்த ஊரில், எந்த வயலில், யார் கையில், எப்போது கிடைத்தது என்ற விவரம், சொன்னவரின் வயது. காசு வீட்டிலேயே இருக்கட்டும். செய்தி இங்கே இருக்கட்டும். சொல்லக் கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த விஷயத்தில் செல்லாது.

துறைத் தலைவர் அனுமதி அளித்தால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் மதிய இடைவேளையில் தராசோடும் உருப்பெருக்கியோடும் துறை அறையில் உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன். முதல் பதிவை எழுதி வைத்துவிட்டேன்: செப்புக்காசு, இராசராசன் வகை, எழுத்து அழிந்தது, புளியில் கழுவப்பட்டது, கிடைத்த இடம் கொள்ளிடக் கரை, சரியான இடம் தெரியவில்லை. இரண்டாவது பதிவுக்கு வருகிறவர்கள் காசைக் கழுவாமல் கொண்டு வரவும்.